மாட்சாவுக்கு மாம்பழம் போதும்

அடியில் சிவப்பு, நடுவில் வெள்ளை, மேலே பச்சை. கண்ணாடித் தம்ளரில் மூன்று அடுக்காக வந்து நிற்கும் ஐஸ்டு மாட்சா லாட்டே இப்போது பாண்டிக் கடற்கரையை ஒட்டிய கபேக்களில் ஃபில்டர் காபிக்குச் சரிசமமாக மேசை பிடித்துவிட்டது. முதலில் போட்டோ, அப்புறம்தான் உறிஞ்சல். பில்லைப் பார்த்துவிட்டு, ‘இதை வீட்டிலேயே போட்டுக்கொண்டால் என்ன’ என்று பொடி வாங்கிப் பார்த்தவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்று கேள்வி. பால் ஏன் திரிகிறது? பொடி ஏன் கட்டி கட்டியாக மிதக்கிறது? கபேயில் இல்லாத கசப்பு வீட்டில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

நாலாவதாக ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். ஸ்ட்ராபெரிதான் போட்டாக வேண்டுமா? அந்தப் பழத்தை மாட்சாவோடு ஜோடி சேர்த்தவர்கள் குளிர்ப் பிரதேசத்துக்காரர்கள். கைக்கு எட்டியதைப் போட்டார்கள். நம் பெரிய மார்க்கெட்டில் ஏப்ரல் தொடங்கி ஜூன் முடியும்வரை பங்கனப்பள்ளியும் செந்தூராவும் இமாம் பசந்தும் குவிந்து கிடக்கும்போது, மலையிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் வதங்கி இறங்கிய புளிப்புப் பழத்தைத் தேடிப் போவானேன்? ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. பால் திரியாமல் இருப்பதற்கும் மாம்பழம்தான் நல்லது. அந்தக் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்; முதலில் பொடியைப் பார்த்துவிடுவோம், பாதிப் பணம் வீணாவது அங்கேதான்.

கிரீன் டீயை மிக்ஸியில் பொடித்தால் மாட்சா ஆகாது. ஜப்பானில் இலை பறிப்பதற்கு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன்பே தேயிலைச் செடிகளுக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். நிழலில் நிற்கும் செடியின் இலையில் பச்சையம் கூடும். நாக்குக்கு இதமான தியானின் என்ற சத்து, துவர்ப்பான கேட்டக்கினாக மாறாமல் இலையிலேயே தங்கும். பறித்த இலையை ஆவி காட்டி, உலர்த்தி, காம்பும் நரம்பும் நீக்கி, திருகைக் கல்லில் அரைக்கிறார்கள். ஒரு கல் மணிக்கு 40 கிராம் அளவுக்குத்தான் அரைக்கும். வேகத்தைக் கூட்டினால் கல் சூடேறி மணம் போய்விடும். விலை ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு இதுவே பாதி விடை. மீதிப் பாதி, உலகம் முழுக்க ஒரே நேரத்தில் எல்லோரும் கேட்பது. 2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோவின் இப்போடோ, உஜியின் மாருக்யூ கோயாமாயென் போன்ற பழம்பெரும் தேயிலைக் கடைகளே ஓர் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்து விற்க வேண்டிவந்தது.

இந்தப் பொடித் தேநீர் ஜப்பானுக்கும் வெளியிலிருந்து போனதுதான். 1191-இல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவி தேயிலை விதையையும் பொடித்துக் குடிக்கும் வழக்கத்தையும் கொண்டுபோனதாக வரலாறு. நம் ஊருக்கும் அந்த நாட்டுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு, போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை மீரா அல்ஃபாசா, 1916 முதல் 1920 வரை டோக்கியோவிலும் கியோட்டோவிலும் வாழ்ந்துவிட்டு, 1920 ஏப்ரல் 24 அன்று பாண்டிச்சேரி வந்து இறங்கினார். மாட்சாவுக்குப் பேர்போன உஜி, கியோட்டோவை ஒட்டித் தெற்கே இருக்கிறது.

கடையில் டப்பாவைக் கையில் எடுத்தால் முதலில் பின்பக்கம் பாருங்கள். சேர்மானப் பட்டியலில் மாட்சா என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. சர்க்கரையும் பால் பவுடரும் கலந்த ‘லாட்டே மிக்ஸ்’ வேறு சரக்கு. அதில் மாட்சா பெயருக்குத்தான் இருக்கும். உஜி, நிஷியோ, யாமே, ககோஷிமா என்று விளைந்த இடம் போட்டிருந்தால் நல்லது, அரைத்த தேதி இருந்தால் இன்னும் நல்லது. முன்பக்கம் பெரிதாக எழுதியிருக்கும் ‘செரிமோனியல்’ என்ற சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது. யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். நிறம்தான் நம்பகமான சாட்சி. இளம் வாழைக் குருத்துபோல் பளிச்சென்று இருக்க வேண்டும். மஞ்சள் தட்டியிருந்தாலோ, காய்ந்த கருவேப்பிலை நிறத்துக்குப் போயிருந்தாலோ திருப்பி வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்துப் பார்க்கலாம்: முகப்பவுடர்போல் வழுக்கினால் சரி, நறநறத்தால் அது வெறும் கிரீன் டீ தூள்.

பாலும் பழமும் சேரும் பானத்துக்கு ஆக உயர்ந்த ரகம் தேவையில்லை. அந்த நுணுக்கமெல்லாம் வெந்நீரில் அடித்து வெறுமனே குடிப்பவர்களுக்கு. மாம்பழத்தின் நடுவே நின்று பேச வேண்டிய மாட்சாவுக்குக் கொஞ்சம் கசப்பு இருந்தால்தான் குரல் எழும். நடுத்தர விலையில், 30 கிராம் டப்பாவாக வாங்குங்கள். கோப்பைக்கு 2 கிராம் வீதம் 15 கோப்பை வரும்; டப்பா விலையை 15-ஆல் வகுத்துக் கபே பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மலிவாக இருக்கிறதே என்று 100 கிராம் பாக்கெட் வாங்க வேண்டாம். அதற்குக் காரணம் நம் கடல்.

காற்று, வெளிச்சம், சூடு, ஈரம் நாலும் மாட்சாவுக்கு ஆகாது. பாண்டியில் இந்த நாலும் ஆண்டு முழுக்க இலவசம். அப்பளமே அரை மணியில் நமுத்துப்போகிற ஊரில் திறந்த மாட்சா டப்பா அடுப்பு மேடையில் இருந்தால் இரண்டே வாரத்தில் நிறம் இறங்கிவிடும். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை: வெளியே எடுத்தவுடன் மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த பொடிமேல் நம் ஈரக்காற்று பட்டால் உள்ளே வியர்த்துவிடும். அந்த ஈரம்தான் மறுநாள் கட்டியாக நிற்கும். பதினைந்து நிமிஷம் மேசைமேல் விட்டு, டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். இந்தக் காத்திருப்பு முடியாதவர்கள் பொடியை வாங்கிய அன்றே இரண்டு மூன்று சிறு பாட்டில்களில் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறக்கலாம். பக்கத்தில் நேற்றைய மீன் குழம்பு மூடியில்லாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாட்சா எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். திறந்தபின் ஒன்றரை மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

இனி தண்ணீர். நம் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். கடல்நீர் நிலத்தடியில் ஏறிய கதை எல்லோருக்கும் தெரியும். முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்கு நல்ல தண்ணீர் வந்ததற்காக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் பாரதி பூங்கா நடுவே ஆயி மண்டபம் எழும்பிய ஊர் இது, தண்ணீரின் அருமை புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கடினத் தண்ணீரில் மாட்சா மந்தமாகிவிடும், நுரையும் சரியாக எழும்பாது. குடிக்கிற கேன் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஐஸ் கட்டிக்கும் அதே தண்ணீர்தான். லாட்டேயில் கால் பங்கு ஐஸ் உருகிக் கலக்கப்போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கசப்புக்கு முதல் குற்றவாளி கொதிக்கக் கொதிக்க ஊற்றும் தண்ணீர். டீத்தூளுக்கு அது சரி. மாட்சாவுக்கு 75 டிகிரி போதும். கொதிநீர் பட்டால் மணம் கருகித் துவர்ப்பு முன்னால் வந்து நிற்கும். தெர்மாமீட்டர் வேண்டாம். ஒரே கரண்டியால் இரண்டு கரண்டி கொதிநீர், ஒரு கரண்டி பானைத் தண்ணீர் என்று கலந்தால் கணக்கு ஏறக்குறைய 75-இல் வந்து நிற்கும். டவரா தம்ளரில் இரண்டு ஆற்று ஆற்றினாலும் சரிதான், கை பழகியவர்களுக்கு அதுவே போதும்.

பொடி தண்ணீரில் கரைவதில்லை. மிதந்து நிற்கிறது, விட்டுவிட்டால் அடியில் படிகிறது. ஆகவே கட்டியை முன்னாலேயே உடைக்க வேண்டும், பிறகு எவ்வளவு கலக்கினாலும் உடையாது. டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். காலையில் டீ வடித்துக் கழுவிக் கவிழ்த்த ஈர வடிகட்டி கூடாது. இதற்கென்று ஒன்று தனியாக, உலர்ந்ததாக வேண்டும். ஒரு மட்டமான டீஸ்பூன் மாட்சா 2 கிராம் இருக்கும். சலித்த பொடியில் முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் மட்டும் விட்டுச் சந்தனம்போல் குழைத்துக்கொண்டு, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றி அடிக்க வேண்டும். மொத்தம் 60 மில்லி தண்ணீர் போதும்.

எதால் அடிப்பது? மூங்கிலில் சீவிய ஜப்பானிய மத்து அழகான பொருள்தான். நுனியை வெந்நீரில் நனைத்தபின் மணிக்கட்டை ஆட்டி வேகமாக முன்னும் பின்னும் இழுத்தால் மெல்லிய நுரை படியும். நம் ஊரில் அதற்கு எதிரி பூஞ்சணம். சோப்புப் போடாமல் அலசி, காற்றாட நிறுத்திக் காய வைக்காமல் டப்பாவில் போட்டு மூடினால், அடுத்த வாரம் சாம்பல் நிறப் புள்ளியோடு எழுந்து வரும். பேட்டரியில் சுற்றும் சின்ன நுரைக்கருவி பாதி விலையில் அதே வேலையைச் செய்யும். அதுவும் இல்லையென்றால் மிக்ஸியின் சின்ன ஜாரில் மாட்சாவையும் ஒரு கரண்டி குளிர்ந்த தண்ணீரையும் போட்டுப் பத்து விநாடி சுற்றுங்கள். வெந்நீரைப் போட்டு மூடிச் சுற்றாதீர்கள், மூடி தெறிக்கும். ஜாரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. பூண்டுச் சட்னி அரைத்த ஜாரின் ரப்பர் வளையம் எத்தனை முறை கழுவினாலும் பூண்டை மறப்பதில்லை.

பால் திரிவதற்கு வருவோம். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் சாதாரணமாகப் பாலோடு பாலாகக் கலந்து நிற்கும். பாலின் அமிலநிலை (pH) 6.7 அளவில் இருக்கும். பழத்தின் புளிப்பு சேர்ந்து அது 4.6-ஐ நோக்கி இறங்க இறங்கப் புரதம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரள ஆரம்பிக்கிறது. சூடு அதை வேகப்படுத்தும், குளிர்ச்சி தாமதப்படுத்தும். ஸ்ட்ராபெரி மூன்றரைக்கும் கீழே போகிற பழம். நன்றாகக் கனிந்த மாம்பழம் நாலுக்கு மேலே நிற்கும். இப்போது புரிகிறதா, ஏன் மாம்பழம் என்று? நம் வீட்டில் மாம்பழ மில்க் ஷேக் யாருக்காவது திரிந்திருக்கிறதா?

திரிந்திருந்தால் அது பழத்தின் குற்றமல்ல, பழுக்கவைத்த விதத்தின் குற்றம். கல் வைத்த பழம் வெளியே தகதகவென்று மஞ்சளாக இருக்கும், உள்ளே கொட்டையைச் சுற்றிப் புளிக்கும். கார்பைடு வைத்துப் பழுக்கவைப்பது தடைசெய்யப்பட்டது, ஆனால் சீசன் தொடக்கத்தில் அது கூடையில் வந்துதான் விடுகிறது. காம்புப் பக்கம் முகர்ந்து பாருங்கள்: மணம் இல்லாமல் நிறம் மட்டும் இருந்தால் வேண்டாம். அவசரப்பட்டு ஏப்ரல் முதல் வாரமே வாங்காமல், பாதி மாதம் போன பிறகு செங்காயாக வாங்கி வந்து வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ வைத்து வீட்டில் பழுக்கவைப்பது எல்லாவற்றிலும் மேல்.

எந்த மாம்பழம்? பங்கனப்பள்ளி நார் இல்லாதது, இனிப்பு ஒரே சீரானது, முதல்முறை செய்பவர்களுக்கு அதுதான். இமாம் பசந்தை மாட்சாவோடு சேர்ப்பது எனக்கு மனசு வரவில்லை. அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கிளிமூக்கு புளிக்கும், வேண்டாம். சீசன் முடிந்தபின் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வரும் டின் கூழ் உதவும். ஆனால் சேர்மானத்தில் சிட்ரிக் அமிலம் என்று இருந்தால் அது மாட்டுப்பாலோடு சேராது. பாட்டில் ‘கிரஷ்’களுக்கும் இதே எச்சரிக்கை: அமிலமும் நிறமும் எசென்ஸுமாக அடியில் கிடந்து பாலைத் திரிப்பவை பெரும்பாலும் அவைதான்.

ஒரு நடுத்தரப் பங்கனப்பள்ளியில் சதைப்பகுதி 250 கிராம் தேறும். அதோடு 2 டேபிள்ஸ்பூன் வெள்ளைச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அரைத்து, வடிகட்டியில் தேய்த்து எடுத்தால் பட்டுப்போல் ஒரு கூழ் கிடைக்கும். மாம்பழத்தைக் காய்ச்ச வேண்டாம், அதன் மணம் அடுப்பில் போய்விடும். நாட்டுச் சர்க்கரை போட்டால் உடம்புக்கு நல்லது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நிறம் மங்கும், கருப்பட்டி என்றால் மாட்சா வாசனை இருந்த இடம் தெரியாது, அவ்வளவுதான். பனங்கற்கண்டைப் பொடித்துப் போட்டால் இரண்டு பக்கமும் சமாதானம். சர்க்கரை இங்கே இனிப்புக்கு மட்டுமல்ல, கனத்துக்கும். கனமான கூழ் அடியில் உட்கார்ந்தால்தான் அடுக்கு நிற்கும். கூழ் மூடிய பாட்டிலில் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். இடையில் கரண்ட் நாலைந்து மணி நேரம் போய்விட்டால் அன்றே தீர்த்துவிடுங்கள்.

பாலுக்கு பாண்லே பூத்தில் கிடைக்கும் டோன்டு பால், 3 சதவீதக் கொழுப்பு, போதும். காய்ச்சி, ஆறவைத்து, ஏடு எடுத்து, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரமாவது வைத்து நன்றாகக் குளிரவைக்க வேண்டும். ஏட்டை அப்படியே விட்டால் உறிஞ்சுகுழலில் வந்து மாட்டும். முந்தாநாள் பால் கூடவே கூடாது. பழத்தின் புளிப்பு சேர்வதற்கு முன்பே அதன் அமிலநிலை கொஞ்சம் இறங்கியிருக்கும். கொழுப்பு அதிகமான பாலை ஊற்றினால் நாக்கில் படலம் கட்டி மாட்சாவின் சுவையை மறைக்கும்.

ஆனால் நான் வீட்டில் மாட்டுப்பாலை விடத் தேங்காய்ப்பாலைத்தான் விரும்புகிறேன், அதிலும் இரண்டாம் பால். கேசின் கிடையாது என்பதால் அந்த வகையில் திரியும் பயமே இல்லை. மாம்பழத்தோடு அதன் உறவு புதிதாகச் சொல்ல வேண்டியதும் அல்ல. முதல் பாலை எடுத்து மாலைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாட்டேயில் ஊற்றினால் ஐஸ் பட்டதும் கொழுப்பு வெள்ளைத் துணுக்குகளாக உறைந்து மிதக்கும், ஏனென்றால் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டிப்பட்டுவிடும். அரை மூடித் தேங்காய்த் துருவலில் முதல் பால் எடுத்த சக்கைக்கு ஒன்றரை கப் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் இரண்டு தம்ளர் லாட்டேக்கு வரும். அதையும் ஒரு மணி நேரம் குளிரவைத்து, மேலே படிந்ததை ஸ்பூனால் வழித்துவிடுங்கள். காலையில் எடுத்ததைச் சாயங்காலத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

இனிச் சேர்ப்பது இரண்டு நிமிஷ வேலை. 350 மில்லி பிடிக்கும் கண்ணாடித் தம்ளரில் 3 டேபிள்ஸ்பூன் மாம்பழக் கூழ். அதன்மேல் தம்ளர் நிறைய ஐஸ், ஆறேழு கட்டி. பாலை, 150 மில்லி, கூழின் மேல் நேராகக் கொட்டாமல் ஐஸ் கட்டியின் மேல் மெதுவாக விடுங்கள். அடித்து வைத்த மாட்சாவில் ஒரு ஐஸ் கட்டி போட்டுச் சூட்டைத் தணித்து, ஸ்பூனின் முதுகில் படும்படி மேலே ஊற்றுங்கள். மாட்சாவில் சர்க்கரை போடக் கூடாது என்பதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது: வெறும் தண்ணீரில் அடித்த மாட்சா பாலைவிட இலேசானது, மேலே நிற்கும், சர்க்கரை கலந்தால் கனத்துப் பாலுக்குள் இறங்கிவிடும், அடுக்கு போய்விடும். இந்த அளவில் ஒரு தம்ளருக்குச் சேர்த்த சர்க்கரை ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறது. கசப்பு கொஞ்சம் தூக்கலாக வேண்டுபவர்கள் தண்ணீரைக் கூட்டாமல் பொடியை மட்டும் 3 கிராம் ஆக்கலாம்.

மாம்பழம் இல்லாத மாதங்களுக்குச் சிவப்புக் கொய்யா என் முதல் தேர்வு. நறுக்கி, கொஞ்சம் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துப் பத்து நிமிஷம் வேகவைத்து, விதை போக வடிகட்டினால் இளஞ்சிவப்பில் ஜெல்லிபோல் ஒரு கூழ் வரும். கொய்யாவிலேயே பெக்டின் இருப்பதால் அடியில் அசையாமல் உட்காரும், பச்சையோடு பார்க்கவும் அழகு. கொடைக்கானல் பக்கம் தாட்பூட் பழம் என்பார்களே, பேஷன் ஃப்ரூட், அதன் மணம் மாட்சாவுக்கு அபாரமாகப் பொருந்தும். ஆனால் கடும் புளிப்பு, மாட்டுப்பாலை எட்டவே விடாதீர்கள், இரண்டாம் பாலோடு மட்டும்.

அன்னாசிக்கு வேறு சிக்கல். அதில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தையே வெட்டிப்போடும். திரியாமல் தப்பித்தாலும் அரை மணி நேரத்தில் பால் கசக்கும். குறை மாட்சாவின் மேல் விழும். பப்பாளி, கிவி இரண்டுக்கும் இதே குணம். சர்க்கரையோடு நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதி செத்துவிடும், பிறகு பயமில்லை. டின் அன்னாசி ஏற்கெனவே சூடு கண்டது என்பதால் நேராகப் போடலாம்.

நாவல் வேண்டாம், அதன் துவர்ப்பும் மாட்சாவின் துவர்ப்பும் சேர்ந்து வாயைச் சுருட்டும், கலக்கினால் நிறமும் சகிக்காது. பலாப்பழத்தைப் போட்டுக் கொடுத்தால் அது பலாப்பழப் பாலாகத்தான் இருக்கும், மாட்சாவைத் தேட வேண்டிவரும். பண்ருட்டிக்காரர்கள் மன்னிக்க வேண்டும். நுங்கு கிடைத்தால் பொடியாக நறுக்கி இளநீரில் போட்டு, மேலே மாட்சாவை ஊற்றிப் பாருங்கள். பால் இல்லாததால் லாட்டே என்று சொல்ல முடியாது, கத்திரி வெயிலில் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகள் ஸ்ட்ராபெரிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், டிசம்பரிலிருந்து மார்ச் வரை மலைப் பழம் வரும்போது செய்யுங்கள். பழத்தின் எடையில் கால் பங்கு சர்க்கரை சேர்த்து, சிறு தீயில் கரண்டியில் ஒட்டும்வரை காய்ச்சி, ஆறியபின் ஃபிரிட்ஜில் குளிரவைத்த பிறகே தம்ளரில் இறக்க வேண்டும். வெதுவெதுப்பாகப் போட்டால் பால் திரிவது உறுதி. காய்ச்சியதால் புளிப்பு போய்விடாது, சர்க்கரையால் அது நாக்குக்குத் தெரியாமல் போகும், அவ்வளவே. ஆகவே பால் சில்லென்று இருக்க வேண்டும், போட்டதும் குடித்துவிட வேண்டும்.

உடம்பு விஷயத்தில் இரண்டு வார்த்தை. மாட்சா இளைக்கவைக்கும், சர்க்கரையைக் குறைக்கும் என்ற விளம்பரங்களை நம்பி யாரும் இதைக் குடிக்க வேண்டாம். மாம்பழமும் சர்க்கரையும் பாலும் சேர்ந்த பானம் இது, நீரிழிவுக்காரர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியது. 2 கிராம் மாட்சாவில் 60 மில்லிகிராம் அளவுக்கு கஃபீன் இருக்கும்; தூக்கம் வராதவர்கள் மாலை நாலு மணிக்குப் பிறகு தொடாமல் இருப்பது நல்லது. ஐ.சி.எம்.ஆர் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல், ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கஃபீனைத் தாண்ட வேண்டாம் என்கிறது; டீ, காபி எதுவானாலும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தவிர்க்கச் சொல்கிறது. காரணம் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் டானின் தடுப்பது. இலையையே முழுசாக விழுங்கும் மாட்சாவுக்கு இது இன்னும் பொருந்தும். ரத்தசோகைக்கு மாத்திரை எடுக்கும் பெண்கள் மாத்திரையையும் இதையும் ஒன்றாகப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு நாள் வரம்பு 200 மில்லிகிராம் என்பது பொதுவாக மருத்துவர்கள் சொல்வது, அதில் காலைக் காபியும் அடக்கம். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும், பச்சை இலையின் கே விட்டமின் அந்த மருந்தோடு மோதும்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் வருகிறார்கள் என்றால், மாம்பழக் கூழை முந்தின இரவே அரைத்து வைத்துவிடலாம். தேங்காய்ப்பாலைக் காலையில் பிழியுங்கள். தம்ளர்களையும் அரை மணி முன்பு ஃபிரிட்ஜில் வைத்தால் ஐஸ் சீக்கிரம் உருகாது. மாட்சாவை மட்டும் முன்கூட்டி அடிக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் பொடி அடியில் படிந்துவிடும், வைக்க வைக்கப் பச்சையும் மங்கும். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கிண்ணத்தில் 8 கிராம் பொடியை 240 மில்லி தண்ணீரில் அடித்து, உடனே பங்கிட்டுவிடுங்கள். உறிஞ்சுகுழலோடு நீளமான ஸ்பூன் ஒன்றையும் கொடுங்கள். அடுக்கைக் கலைக்க மனசில்லாமல் மேலே உள்ள பச்சையை மட்டும் குடித்துவிட்டு ‘கசக்குதே’ என்று சொல்ல ஒரு சித்தப்பா எல்லா வீட்டிலும் இருப்பார். போட்டோ எடுத்து முடித்ததும் அடிவரை நன்றாகக் கலக்கிவிடச் சொல்லுங்கள்.